ஓடாமல் ஆடும் டென்னிஸ்

வீடியோ கேம் என்றாலே நம் வயதுக்காரர்களுக்கு ஒரே கருத்துதான். கண் கெட்டுப் போகும், படிப்பு கெட்டுப் போகும், பிள்ளை கெட்டுப் போகும். பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் காலையில் நடக்கும் எங்கள் கூட்டத்தில் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் பேரன் பேத்திகள் உண்டு. அரசியலில் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட இந்த ஒரு விஷயத்தில் கைகோத்துக் கொள்வார்கள். "எல்லாத்தையும் தடை பண்ணணும் சார்" என்று போன வாரம் ஒருவர் ஆரம்பித்தபோது, "எல்லாத்தையுமா?" என்று நான் ஒருவன்தான் கேட்டேன். அதற்குள் மூன்றாவது சுற்று முடிந்து அவரவர் காபிக்குப் போய்விட்டார்கள்.

நடந்துகொண்டே சொல்ல முடியாததை இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். எல்லா வீடியோ கேமுக்கும் நான் வக்கீல் இல்லை. கண்ணில் படுகிறவனையெல்லாம் சுட்டுத் தள்ளிக்கொண்டே போகிற விளையாட்டுகளைப் பார்க்க எனக்கும் பிடிக்காது. நான் வாதாட வந்தது ஒரே ஒரு விளையாட்டுக்காக. ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி 2006 நவம்பரில் 'வீ' என்ற பெட்டியை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. வீட்டு டி.வி.யில் இணைத்து விளையாடுகிற பெட்டி. அதோடு சேர்த்து 'வீ ஸ்போர்ட்ஸ்' என்ற ஒரு தட்டும் கொடுத்தார்கள். டென்னிஸ், பேஸ்பால், பௌலிங், கோல்ஃப், குத்துச்சண்டை என்று அதில் ஐந்து ஆட்டங்கள். உலகம் முழுக்க எட்டுக் கோடிக்கும் மேல் போன தட்டு அது. அதில் உள்ள டென்னிஸ், பாட்டியும் பேரனும் ஒரே கூரையின் கீழ் இருக்கிற வீடுகளில் இருந்தாக வேண்டிய பொருள் என்பது என் கட்சி.

முதலில் அது எப்படி ஆடப்படுகிறது என்று சொல்லிவிடுகிறேன். பார்க்காதவர்களுக்குப் புரிய வேண்டுமே. கையில் பிடிப்பது டி.வி. ரிமோட் போல ஒரு வெள்ளைக் கட்டை. உள்ளே இரண்டு பென்சில் பேட்டரி, கை எவ்வளவு வேகமாக அசைகிறது என்று உணருகிற ஒரு சின்னஞ்சிறு சில்லு. கட்டையை மட்டைபோல வீசினால் திரையில் நம் பொம்மையும் மட்டையை வீசும். அவ்வளவுதான். ஆட்டத்தின் நடுவில் பொத்தானைத் தேட வேண்டாம். ஓடவும் வேண்டாம். பந்து எங்கே வருகிறதோ அங்கே பொம்மை தானாக ஓடிப் போய் நின்றுகொள்ளும். நாம் செய்ய வேண்டியது சரியான நேரத்தில் வீசுவது. வலதுகைக்காரர் சற்று முன்னதாக வீசினால் பந்து இடப்பக்கம் போகும். சற்றுத் தாமதித்தால் வலப்பக்கம் போகும். சர்வீஸ் போடக் கட்டையை மேலே தூக்கினால் பந்து எழும்பும். அது உச்சியில் நிற்கும் அந்தக் கணத்தில் அடித்தால் எதிராளி அசைவதற்குள் பந்து கடந்து போய்விடும். எப்போதும் இரட்டையர் ஆட்டம்தான். தனியாக ஆடினால் முன்னால் நிற்பவரும் பின்னால் நிற்பவரும் நாமே.

2008 டிசம்பரில் நானும் என் மனைவியும் முதல் தடவையாக நியூ ஜெர்சிக்கு மகன் வீட்டுக்குப் போனோம். ஆறு மாத விசா. போன பத்தாவது நாள் பனி கொட்ட ஆரம்பித்தது. மகனும் மருமகளும் ஏழரை மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். பேரனைப் பள்ளிக்கூட பஸ் மூன்றரைக்குக் கொண்டு வந்து விடும். நடுவில் நாங்கள் இருவரும் ஜன்னல் வழியாக வெள்ளையாக இருந்த தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும் என்பதால் விவரிக்கப் போவதில்லை. அந்த வீட்டின் வரவேற்பறையில்தான் அந்தப் பெட்டி இருந்தது. விலை 250 டாலர் என்றான் மகன். மனதுக்குள் 48ஆல் பெருக்கினேன். பன்னிரண்டாயிரம்! அமெரிக்காவில் காலடி வைத்த எல்லா அப்பாக்களும் செய்கிற கணக்குதானே.

பேரனுக்கு அப்போது ஏழு வயது. தமிழில் சொன்னால் புரிந்துகொள்வான், பதில் ஆங்கிலத்தில் வரும். அதுவும் அவன் பேசுகிற வேகத்துக்கு என் தொலைபேசித் துறை ஆங்கிலம் ஈடு கொடுக்காது. என் மனைவிக்கு அந்த ஆங்கிலமும் கிடையாது. முதல் பத்து நாட்களில் ஆச்சிக்கும் பேரனுக்கும் நடந்த பேச்சு, "சாப்பிடுறியா?", "நோ" என்ற இரண்டு சொல்லில் அடங்கிவிட்டது. மருமகள் சங்கடப்பட்டாள். பையனை அதட்டினாள். அதட்டினால் பிள்ளை பேசுமா?

டென்னிஸ்தான் அதை மாற்றியது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் மகன், "அம்மா, சும்மா ஒரு தடவை ஆடிப் பாருங்களேன்" என்று கட்டையை அவள் கையில் கொடுத்தான். இவள், "எனக்கென்னத்துக்குப்பா" என்று பின்வாங்க, பேரன் எழுந்து வந்து கட்டையின் கயிற்றை அவள் மணிக்கட்டில் மாட்டி, "ஆச்சி, ஜஸ்ட் ஸ்விங்!" என்றான்.

இங்கே என் மனைவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்பாசமுத்திரம் பக்கம் பிறந்தவள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு நிறுத்திவிட்டார்கள். காரணத்தை எழுத வேண்டியதில்லை, அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அதே காரணம்தான். பல்லாங்குழியும் தாயமும் ஆடியிருக்கிறாள். இரண்டும் உட்கார்ந்து ஆடுவது, கதவுக்கு உள்ளே ஆடுவது. நான் இலாகா கிளப்பில் கேரம், ஷட்டில் என்று ஆடிவிட்டு எட்டு மணிக்கு வருவேன், சாப்பாடு தயாராக இருக்கும். அவள் எதையாவது விளையாட ஆசைப்பட்டாளா என்று நானும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. வெட்டவெளியில் கையை வீசி அவள் செய்த வேலை என்றால் விடியற்காலையில் வாசல் தெளிப்பது ஒன்றுதான்.

அந்த வாசல் தெளிப்புதான் கைகொடுத்தது. சிரிக்காதீர்கள். வாளித் தண்ணீரில் கையை விட்டு, மணிக்கட்டைச் சுழற்றி, தண்ணீர் ஒரே சீராக விசிறி விழும்படி தெளிப்பது சாதாரண வித்தை இல்லை. நாற்பது வருடம் தினமும் செய்த கை. வலுவாக வீச வேண்டும் என்று நான் தோளிலிருந்து மட்டையைச் சுழற்றிக்கொண்டிருந்தபோது, அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மணிக்கட்டை ஒரு சொடுக்குச் சொடுக்கினாள். பந்து கோட்டை ஒட்டி விழுந்தது. அந்தக் கட்டையின் சூட்சுமமே அதுதான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். கை எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, எப்படி விசையோடு அசைகிறது என்றுதான் தெரியும். ஆளுயர வீச்சும் ஒன்றுதான், சுருக்கென்ற சொடுக்கும் ஒன்றுதான். இது விளையாட்டின் குறை என்று விமர்சகர்கள் எழுதினார்கள். 2009ல் நிண்டெண்டோ தனியாக ஒரு துணைக்கருவி விற்று, கை திரும்புவதையும் கணக்கில் எடுக்கும்படி செய்தது. எனக்கென்னவோ அந்தக் குறைதான் அதன் பெருந்தன்மை என்று படுகிறது.

ஒவ்வொருவருக்கும் ஒரு முகம் செய்துகொள்ளலாம். முகவெட்டு, மூக்கு, மீசை, கண்ணாடி என்று பொறுக்கி எடுத்து ஒட்ட வேண்டியதுதான். பேரன் ஆச்சிக்கு முகம் செய்தபோது கொண்டை கிடைத்தது, கண்ணாடி கிடைத்தது. பொட்டு கிடைக்கவில்லை. வெள்ளைக்காரர்களுக்கும் ஜப்பான்காரர்களுக்கும் செய்த பெட்டியில் பொட்டு எப்படி இருக்கும்? கன்னத்தில் வைக்கிற மச்சம் ஒன்று இருந்தது. அதை அந்தப் பயல் மெல்ல மெல்ல நகர்த்தி நெற்றிக்கு நடுவில் கொண்டு போய், அளவையும் பெரிதாக்கிவிட்டான். கறுப்புப் பொட்டு! என் மனைவி திரையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், அவன் தலையைப் பிடித்து உச்சி முகர்ந்தாள். ஏழு வயதுப் பையன் ஆச்சியின் முகத்தை அவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறான் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு மூன்றரை மணி பஸ்ஸுக்காக அவள் காத்திருந்தாள். இருவரும் ஒரு பக்கம், கம்ப்யூட்டர் எதிர்ப்பக்கம். "ஆச்சி, யூ டேக் த ஃப்ரண்ட்" என்பான். "நீ பின்னால நில்லு, நான் விட்டா நீ அடி" என்பாள். இரண்டு மொழியும் ஒன்றையொன்று இடிக்காமல் போய்க்கொண்டிருந்தன. பெட்டி ஒவ்வொருவருக்கும் ஒரு திறமைக் கணக்கு வைத்திருக்கும். பூஜ்யத்தில் ஆரம்பித்து, ஜெயித்தால் ஏறும், தோற்றால் இறங்கும். ஆயிரத்தைத் தொட்டால் 'ப்ரோ' என்று பட்டம் கொடுக்கும். பிப்ரவரி மாதத்தில் அம்பாசமுத்திரத்துக்காரி ப்ரோ ஆனாள். நான் அறுநூறைத் தாண்டவில்லை.

எங்கள் நடைக் கூட்டத்தில் ஒருவர் ரயில்வேயில் இருந்தவர். இளவயதில் நிஜமாகவே டென்னிஸ் ஆடியவர், கோட்ட அளவில் கோப்பை வாங்கியவர். இதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "டென்னிஸ் என்றால் கால்தான் சார். பாதி ஆட்டம் பந்துக்குப் போய்ச் சேருவதில் இருக்கிறது. காலை எடுத்துவிட்டு அதை டென்னிஸ் என்று சொல்லாதீர்கள்" என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதை மறுக்கவும் முடியாது. மட்டையின் எடை இல்லை, பந்து மோதும் அதிர்வு இல்லை, வெயில் இல்லை, மூச்சு வாங்குவது இல்லை. ஒரு பந்தை எடுக்க முடியுமா முடியாதா என்று தெரியாமலேயே ஓடுகிற அந்த நம்பிக்கை இல்லை.

ஆனால் அவரைப் பார்த்து நான் கேட்பது இதுதான். அந்தக் கால் இப்போது எங்கே? முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு கம்பு ஊன்றி மைதானத்தில் அரைச் சுற்று நடக்கிறார் அவர். என் மனைவிக்கு அந்தக் கால் இருந்த வயதில் மைதானம் கொடுக்கப்படவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஓடத் தெரியும், ஆனால் நிஜ மட்டையைத் தூக்கிச் சுழற்றும் வலு இல்லை. இந்த மூன்று பேரையும் நிஜக் கோர்ட்டில் விட்டால் ஆட்டம் நடக்காது. கிழவரை உட்கார வைத்து, பாட்டியை வேடிக்கை பார்க்க வைத்து, பிள்ளையைப் பந்து பொறுக்க வைப்போம். டென்னிஸிலிருந்து காலைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது கண்ணும் நேரக் கணக்கும். அது எழுபதிலும் இருக்கிறது, ஏழிலும் இருக்கிறது. அந்த மிச்சத்தை மட்டும் எடுத்து ஒரு ஆட்டமாக்கியிருக்கிறார்கள். அதற்கு டென்னிஸ் என்று பெயர் வைத்ததுதான் தப்பென்றால் வேறு பெயர் வைத்துக்கொள்ளட்டும்.

நேரக் கணக்கைப் பற்றி ஒரு சின்ன இடைச்செருகல். நாகர்கோவிலில் 1937ல் பிறந்த ராமநாதன் கிருஷ்ணனை நம் தலைமுறை மறக்காது. 1960, 61 இரண்டு வருடமும் விம்பிள்டனில் அரை இறுதி வரை போனவர். இடிபோல சர்வீஸ் போடுகிறவர் இல்லை அவர். பந்தை எப்போது தொட வேண்டுமோ அப்போது தொட்டு, எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைப்பார் என்று எங்கள் எக்ஸ்சேஞ்சில் ஒரு சூப்பர்வைசர் கையால் அபிநயம் பிடித்துக் காட்டுவார். 1966ல் கல்கத்தாவில் பிரேசில் நாட்டு தாமஸ் கோக்குக்கு எதிராக, நான்காவது செட்டில் 2-5 என்று பின்தங்கியிருந்து மீண்டு ஜெயித்து இந்தியாவை டேவிஸ் கோப்பை இறுதிக்குக் கொண்டு போனாரே, அந்தக் கதையை அவர் வாயால் நூறு தடவை கேட்டிருப்பேன். மகன் வீட்டு வரவேற்பறையில் நின்றுகொண்டு பந்து வரட்டும், வரட்டும் என்று காத்திருந்தபோது எனக்கு அந்த சூப்பர்வைசரின் கைதான் ஞாபகம் வந்தது.

காலைக் கழித்தது நிண்டெண்டோவின் கண்டுபிடிப்பும் இல்லை. இது எனக்குப் பிடித்த பகுதி, சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். தொலைபேசித் துறையில் 36 வருடம் வேலை பார்த்தவன் நான். ஆஸிலோஸ்கோப் என்ற கருவி எங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு மாதிரி. சின்ன வட்டத் திரையில் மின் அலை பச்சைக் கோடாக ஓடும். 1958 அக்டோபரில், நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் உள்ள புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ஹிகின்பாதம் என்ற விஞ்ஞானி அந்த ஆஸிலோஸ்கோப்பில் டென்னிஸ் ஆட வைத்தார். பொதுமக்கள் வந்து பார்க்கும் நாள் அது. வருகிறவர்கள் அசையாத காட்சிப் பொருள்களைப் பார்த்துக் கொட்டாவி விடுகிறார்களே என்று யோசித்தவர், ஆய்வுக்கூடத்தில் இருந்த ஒரு சிறிய அனலாக் கம்ப்யூட்டரை அதோடு இணைத்தார். ஐந்து அங்குலத் திரை. தரைக்கு ஒரு கோடு, வலைக்கு ஒரு சிறு கோடு, பந்துக்கு ஒரு புள்ளி. ஆடுகிறவர் கையில் ஒரு திருகும் ஒரு பொத்தானும். திருகினால் பந்து போகும் கோணம் மாறும், பொத்தானை அழுத்தினால் அடி. ஜனங்கள் வரிசை கட்டி நின்றார்கள்.

கவனியுங்கள், அதில் ஆட்டக்காரர் திரையிலேயே இல்லை. ஓட வேண்டியது இல்லை. கோணமும் நேரமும் மட்டும்தான். 48 வருடம் கழித்து வந்த வீ டென்னிஸின் விதை அதிலேயே இருக்கிறது. அதைச் செய்த மனிதரின் கதை இன்னும் வியப்பு. போர்க்காலத்தில் லாஸ் அலமோஸில் அணுகுண்டுக்கான மின்னணுச் சுற்றுகளில் வேலை பார்த்தவர். போர் முடிந்ததும் அணு ஆயுதப் பரவலுக்கு எதிராகக் குரல் கொடுத்த விஞ்ஞானிகள் சங்கத்தில் முன்னணியில் நின்றார். டென்னிஸுக்குக் காப்புரிமை எதுவும் வாங்கவில்லை. அடுத்த வருடமும் காட்டிவிட்டுக் கருவிகளைப் பிரித்து வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். எங்கள் டெஸ்ட் ரூமிலும் அதே ஆஸிலோஸ்கோப் இருந்தது. எங்களில் ஒருவருக்கும் அதில் பந்து விளையாடத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் மெமோ கொடுத்திருப்பார்கள்.

பிறகு 1972ல் மேக்னவாக்ஸ் கம்பெனி ராஃல்ப் பேயரின் 'ஒடிஸி'யை வீடுகளுக்கு விற்றது. ஜெர்மனியில் யூதராகப் பிறந்து 1938ல் தப்பி வந்தவர் பேயர். அதில் டென்னிஸ் ஆட, கோர்ட்டின் படம் போட்ட வண்ணத் தாளை டி.வி. திரைமேல் ஒட்ட வேண்டும். மதிப்பெண்ணை நாமே குறித்துக்கொள்ள வேண்டும். அதே வருடம் அடாரியின் 'பாங்'. நிண்டெண்டோவும் டி.வி. பெட்டி விளையாட்டில் 1977ல் காலடி வைத்தது டென்னிஸ் மாதிரியான ஆறு ஆட்டங்கள் கொண்ட ஒரு பெட்டியோடுதான். அதற்கு முன் அவர்கள் கியோட்டோவில் சீட்டுக்கட்டுத் தயாரித்தவர்கள், 1889 முதல். சீட்டு என்றால் நாலு பேர் சுற்றி உட்கார வேண்டும், வயது வித்தியாசம் பார்க்காமல் கை சேர்க்க வேண்டும். அந்தப் புத்தி அவர்களுக்கு வழிவழியாக வந்தது என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். வீ வந்த காலத்தில் கம்பெனித் தலைவராக இருந்த சடோரு இவாடா, விளையாடத் தெரிந்தவர்களுக்கே திரும்பத் திரும்ப விற்காமல், விளையாடாதவர்களை உள்ளே கொண்டு வர வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்லி வந்தார். 2015ல் காலமானார்.

இப்போது எதிர்த் தரப்பு. இதை உடற்பயிற்சி என்று சொல்லி யாராவது விற்றால் நம்பாதீர்கள். 2007ல் இங்கிலாந்தில் லிவர்பூல் ஆராய்ச்சியாளர்கள் 13 முதல் 15 வயதுப் பிள்ளைகள் பதினோரு பேரை வீ டென்னிஸ், பௌலிங், குத்துச்சண்டை ஆட வைத்து அளந்து பார்த்தார்கள். உட்கார்ந்து ஆடும் வீடியோ கேமைவிட உடம்பு அதிகம் செலவழிக்கிறது, ஆனால் நிஜ விளையாட்டுக்கு அருகில் வரவில்லை, தினசரிப் பயிற்சிக் கணக்கில் சேர்க்கப் போதாது என்றுதான் எழுதினார்கள். அதனால் நடையை விட்டுவிட்டு இதை ஆடலாம் என்று கணக்குப் போட வேண்டாம். அதிலேயே 'உடல் வயது' என்று ஒரு சோதனை இருக்கிறது. மூன்று சின்ன ஆட்டம் ஆட வைத்து 20க்கும் 80க்கும் நடுவில் ஒரு வயதைச் சொல்லும். எனக்கு 62 நடந்தபோது அது 77 என்றது. டாக்டருக்கு ஃபீஸ் கொடுத்து இதைவிட மோசமாகக் கேட்டிருக்கிறேன், போகட்டும்.

காயமும் உண்டு. 29 வயது இளம் மருத்துவர் ஒருவர் பல மணி நேரம் வீ டென்னிஸ் ஆடிவிட்டு மறுநாள் தோள்பட்டையைத் தூக்க முடியாமல் எழுந்திருக்கிறார். 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் அதற்கு 'வீ-யைட்டிஸ்' என்று பெயர் வைத்து 2007ல் ஒரு கடிதமே வந்தது. இருபத்தொன்பதுக்கே அப்படி என்றால் அறுபதுக்கு அரை மணி போதும். பெட்டி வெளியான புதிதில் மணிக்கட்டுக் கயிறு அறுந்து கட்டை பறந்து போய் விழுந்ததாகப் புகார்கள் வர, கம்பெனி 2006 டிசம்பரிலேயே தடிமனான கயிறுகளை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. கயிற்றை மாட்டாமல் யாரையும் ஆட விடாதீர்கள். டீபாயைத் தள்ளி வையுங்கள், தரையில் விரிப்பு இருந்தால் சுருட்டி வையுங்கள். முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தே ஆடலாம். கட்டைக்கு வித்தியாசம் தெரியாது என்று முன்பே சொன்னேனே.

என் உண்மையான மனக்குறை வேறு இடத்தில் இருக்கிறது. டென்னிஸ் வீடியோ கேம்கள் இப்போது மிக அழகாக இருக்கின்றன. சேகாவின் 'விர்ச்சுவா டென்னிஸ்' 2000ல் வீடுகளுக்கு வந்தபோதே பார்க்க நன்றாக இருந்தது. 2003ல் 'டாப் ஸ்பின்'. அதன் புதிய பதிப்பு 2024ல் வந்தது. ஃபெடரர் நிஜமாகவே ஃபெடரர் போல இருக்கிறார், வியர்வைகூடத் தெரிகிறது. பேரனின் நண்பன் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நேரடி அடிக்கு ஒரு பொத்தான், மேல்சுழலுக்கு ஒன்று, கீழ்ச்சுழலுக்கு ஒன்று, தூக்கிப் போட ஒன்று, எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும், எப்போது விட வேண்டும், இடது கட்டைவிரல் ஓட்டத்துக்கு. வீணை கற்றுக்கொள்வது போல. கற்றுக்கொண்டவர்களுக்குப் பெரிய ஆட்டம், சந்தேகமில்லை. ஆனால் அந்த வீட்டுப் பாட்டிக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. "நல்லா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போக வேண்டியதுதான். எத்தனை கோடி செலவழித்து ஃபெடரரின் நிழலைச் செய்தாலும், கையை வீசினால் போதும் என்ற ஒரு சின்ன வாசலை அதில் திறந்து வைக்கக் கூடாதா? நன்றாக ஆடுகிறவர்கள் பெரிய வாசல் வழியாகப் போகட்டும், யார் வேண்டாம் என்றது?

நிண்டெண்டோ மட்டும் அந்த வாசலை மூடவில்லை. 2022 ஏப்ரலில் 'ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸ்' என்று புதிதாக விட்டது. அதிலும் டென்னிஸ் இருக்கிறது, அதிலும் பொம்மை தானாக ஓடுகிறது. கட்டை விரலளவுக்குச் சுருங்கிவிட்டதால் என் மனைவிக்குப் பிடி கிடைக்கவில்லை. ஆனாலும் அதற்கு அடுத்த வருடம் போனபோது பேத்தியோடு ஆடினாள். பேத்திக்கு ஒன்பது வயது, தோற்றால் அழுகிற வயது. ஆச்சி வேண்டுமென்றே தாமதமாக வீசுகிறாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்டால் சொல்ல மாட்டாள்.

பேரனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் படம் போட்டுக் காட்டியது போல ஆகிவிடும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அவன் வேறு ஆட்டங்களுக்குப் போய்விட்டான். காதில் மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத எவனோடோ கத்திக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு ஆடுகிற ஆட்டங்கள். நான் மேலே பிடிக்காது என்று சொன்னேனே, அதே ரகம். 2014ல் நாங்கள் போயிருந்தபோது ஒரு நாள் ஆச்சி அவன் அறைக் கதவைத் தட்டி, "டென்னிஸ் ஆடுவமா?" என்று கேட்டாள். "மேபி லேட்டர், ஆச்சி" என்றான். அந்த லேட்டர் அந்தப் பயணத்தில் வரவில்லை. எங்கள் நடைக் கூட்டத்தின் எட்டுப் பேரும் சொல்வது அந்த வயதைப் பற்றித்தான், அதில் அவர்கள் சொல்வது தப்பில்லை. ஆனால் ஏழு முதல் பன்னிரண்டு வரை ஐந்து வருடம் எங்களுக்குக் கிடைத்தது. முகம் பார்க்காத பேரனாக வளர்ந்திருக்க வேண்டியவன், இன்றைக்கும் போனில், "ஹாய் தாத்தா" என்று எனக்கு ஒரு வரி சொல்லிவிட்டு, ஆச்சியிடம் அரை மணி பேசுகிறான். இருபத்து மூன்று வயது, பாஸ்டனில் வேலை. பேசுவது பாதி தமிழ்.

அந்த வெள்ளைப் பெட்டி மகன் வீட்டு நிலவறையில் ஒரு அட்டைப்பெட்டிக்குள் இருக்கிறது. போன தீபாவளிக்குப் பேரன் வீட்டுக்கு வந்தபோது எடுத்து மாட்டிப் பார்த்திருக்கிறான். ஓடியதாம். கறுப்புப் பொட்டு வைத்த ஆச்சியை, அவள் பெயருக்கு நேரே ஆயிரத்துச் சொச்சத்தோடு, போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். இவள் அதை எனக்குக் காட்டினாள். பிறகு அவனைக் கூப்பிட்டு, "ஆடி முடிச்சதும் ரிமோட்ல இருக்கிற பேட்டரியக் கழட்டி வச்சிரு, இல்லன்னா கசிஞ்சு கெட்டுப் போயிரும்" என்றாள்.